இடிபாடுகளுக்குள் நடக்கும் அதபு

இணைய விளையாட்டுகளைப் பற்றி நம் சமுதாயத்தில் பெரும்பாலும் இரண்டு குரல்களே ஒலிக்கின்றன. 'எல்லாம் வீண், அடியோடு தடுத்துவிடுங்கள்' என்பது ஒரு குரல். 'காலம் மாறிவிட்டது, பிள்ளைகளை விட்டுவிடுங்கள்' என்பது மற்றொரு குரல். ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இவ்விரு தரப்பாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். பிள்ளையின் திரைக்குள் என்ன நடக்கிறது என்று இவர்களில் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பாராமல் தடுப்பதும் பாராமல் அனுமதிப்பதும் பெற்றோரின் பொறுப்பிலிருந்து நழுவும் இரு வழிகளே என்பது நமது கருத்து.

எனவே ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதற்குள் இருப்பதைப் பொறுமையாகப் பார்ப்போம். உலகம் அழிந்த பின்னர் எஞ்சிய நிலத்தில் மனிதன் தனியாக நடந்து திரிவதைக் காட்டும் விளையாட்டுகள் இன்று ஏராளம். அவற்றுள் பெயர்பெற்றது 'ஃபால்அவுட்' வரிசை. 1997இல் தொடங்கிய அவ்வரிசையில், பலர் ஒரே நேரத்தில் இணையம் வழியாக உலவும் வகையில் பெதெஸ்டா நிறுவனம் 2018 நவம்பர் 14 அன்று வெளியிட்டது 'ஃபால்அவுட் 76'. இக்கதையுலகைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் 2024 ஏப்ரலில் வெளிவந்ததும் இதன் மீது புதிய ஆர்வம் பிறந்தது. நம் வீட்டு இளைஞர்களும் அதற்கு விலக்கல்லர்.

ஓசை அடங்கிய நிலம்

இதன் கதை எளிது. 2077 அக்டோபர் 23 அன்று வல்லரசுகள் அணு ஏவுகணைகளை ஏவிக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் உலகம் எரிந்து முடிகிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 'வால்ட் 76' என்னும் நிலவறைக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் 25 ஆண்டுகள் கழித்து, 2102இல், கதவைத் திறந்து வெளியே வருகிறார்கள். நாட்டை மீண்டும் கட்டியெழுப்புவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. ஆட்டக்காரர் அவர்களில் ஒருவர்.

வெளியே வந்தால் காத்திருப்பது பேரழகு. இலையுதிர்காலத்தின் செம்மஞ்சள் நிற மரங்கள், மலைகளுக்கிடையே பனிமூட்டம், ஆற்றோரத்துச் சிற்றூர்கள். இந்நிலப்பரப்பு முந்தைய 'ஃபால்அவுட் 4' ஐப் போல நான்கு மடங்கு பெரியது என்று அதை உருவாக்கியவர்கள் அறிவித்தனர். பசுமை மாறாத காடு, இரசாயனக் கழிவால் வெளுத்துப்போன பள்ளத்தாக்கு, நிலத்தடி நெருப்பு அணையாத சுரங்கப் பகுதி, சதுப்பு நிலம் என ஒவ்வொரு பகுதிக்கும் தனி வானமும் தனி ஒளியும் உண்டு. இவ்வளவு பெரிய நிலத்தில் ஒரு சர்வரில் ஏறத்தாழ 24 பேர் மட்டுமே உலவினார்கள். மணிக்கணக்கில் நடந்தாலும் இன்னொரு மனிதரைக் காணாமல் இருக்கலாம்.

தொடக்கத்தில் அந்நிலத்தில் கதை மாந்தராகப் பேசும் மனிதர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் இறந்துவிட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஒலிநாடாக்கள், கடிதங்கள், கணினித் திரையில் உறைந்து நிற்கும் கடைசிக் குறிப்புகள் ஆகியவையே எஞ்சியுள்ளன. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மேசையில் பாத்திரங்களும் நாற்காலியில் எலும்புக்கூடும் இருக்கும். அருகிலுள்ள துண்டுத் தாளைப் படித்தால் அவர் யார், யாருக்காகக் காத்திருந்தார் என்பது விளங்கும். 'ஆளில்லாத உலகில் என்ன விளையாட்டு?' என்று விமர்சகர்கள் கடுமையாகக் குறைகூறினர். 2020 ஏப்ரல் 14 அன்று வெளியான 'வேஸ்ட்லேண்டர்ஸ்' என்னும் விரிவாக்கத்தில் மனிதப் பாத்திரங்கள் சேர்க்கப்பட்டன. ஆயினும் அந்த முதல் மௌனத்தையே மறக்க இயலவில்லை என்று கூறும் ஆட்டக்காரர்கள் இன்றும் உண்டு.

அவர்கள் கூறுவதில் உண்மை இருக்கிறது. பேசுவதற்கு ஆளில்லாத இடத்தில் மனிதன் பார்க்கத் தொடங்குகிறான். சுட்டு வீழ்த்துவதற்காக நுழைந்த பிள்ளை, இறந்துபோன ஒருவரின் கடிதத்தை நின்று படிக்கிறான். வெற்றியும் தோல்வியும் இல்லாத அந்த நடையே இவ்விளையாட்டின் உயிர்.

கற்பனைக்கு அடியில் உண்மை நிலம்

இந்நிலம் முழுக் கற்பனையும் அன்று. மேற்கு வர்ஜீனியா நிலக்கரியால் வாழ்ந்து, நிலக்கரியால் துன்புற்ற மாநிலம். விளையாட்டில் வரும் மோனோங்கா என்னும் ஊர் உண்மையில் இருக்கிறது. 1907 டிசம்பர் 6 அன்று அங்குள்ள சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் அதிகாரபூர்வக் கணக்கின்படி 362 பேர் மாண்டனர். விளையாட்டில் சாம்பல் மூடிக் கிடக்கும் மலைப்பகுதியின் 'மவுண்ட் பிளேர்' என்ற பெயர், பிளேர் மலையை நினைவூட்டுவது. 1921இல் சங்க உரிமை கேட்ட சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளர் அங்கே ஆயுதமேந்தி, நிறுவனங்களின் ஆட்களோடு மோதினர். விளையாட்டின் கதையிலும் அணுகுண்டு விழுவதற்கு முன்பே அப்பகுதி அழியத் தொடங்கிவிட்டது. முதலாளிகள் இயந்திரங்களைக் கொண்டுவந்து தொழிலாளர்களைத் தெருவில் நிறுத்தினர். மலை எரிந்தது, காற்று நஞ்சானது. குண்டு விழுந்தது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். 'ஒயிட்ஸ்பிரிங்' என்னும் வெண்ணிற மாளிகை விடுதி ஒன்று விளையாட்டில் இருக்கிறது. உலகம் அழிந்த பின்னரும் இயந்திர ஊழியர்கள் அதைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கின்றன. விருந்தினர்தாம் இல்லை. அதன் அடியில் இரகசிய நிலவறை ஒன்றும் உண்டு. இதற்கு மூலமான 'கிரீன்பிரையர்' விடுதி வெள்ளை சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் ஊரில் இன்றும் இயங்குகிறது. அணுப்போர் மூண்டால் அமெரிக்க நாடாளுமன்றம் ஒளிந்துகொள்வதற்காக அதன் அடியில் உண்மையாகவே ஒரு நிலவறை கட்டப்பட்டு 1960களின் தொடக்கத்தில் ஆயத்தமானது. சுமார் 30 ஆண்டுகள் மறைத்துவைக்கப்பட்ட அந்த இரகசியத்தை 1992இல் 'வாஷிங்டன் போஸ்ட்' வெளியிட்டது. இப்போது அது சுற்றுலாப் பயணிகள் பார்வையிடும் இடம்.

மக்களை அழிக்கவல்ல ஆயுதங்களைச் செய்தவர்கள் தங்களுக்கு மட்டும் பாதாளத்தில் அறை கட்டிக்கொண்டார்கள் என்பது கதையாசிரியரின் கற்பனை அன்று. அது வரலாறு. கைவிடப்பட்ட கிணறுகளையும் ஆளற்று நிற்கும் உயர்ந்த மாளிகைகளையும் சுட்டிக்காட்டி, பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் கவனிக்குமாறு நம் திருமறை மீண்டும் மீண்டும் அழைக்கிறது. அந்த அழைப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒயிட்ஸ்பிரிங் மாளிகையின் முன் நிற்கும்போது ஏதோ ஒன்று மனத்தில் தட்டவேண்டும். தட்டுகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒன்றுசேராதவர்களின் முடிவு

விளையாட்டின் கதையில் நம்மை நிறுத்தி யோசிக்கவைக்கும் பகுதி 'ரெஸ்பாண்டர்ஸ்' என்னும் குழுவினரின் வரலாறு. குண்டு விழுந்தபின் தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் மருத்துவப் பணியாளர்களும் கூடி, எஞ்சிய மக்களுக்கு உதவத் தொடங்கியதே அக்குழு. ஃபிளாட்வுட்ஸ் என்னும் சிற்றூரில் அவர்கள் புதியவர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். ஆற்று நீரைக் காய்ச்சிக் குடிப்பது எப்படி, கிடைத்ததைச் சமைப்பது எப்படி என்பவையே அவர்களின் முதல் பாடங்கள். ஆட்டக்காரர் அவ்வூரை அடையும்போது அவர்களில் எவரும் உயிருடன் இல்லை. ஆனால் அவர்களின் பாடங்கள் இயந்திரத்தின் வழியே இன்னும் கற்பிக்கப்படுகின்றன. இறந்த பின்னும் பயன்தரும் கல்வி என்பது நமக்குப் புதிய கருத்தன்று. அதை இவ்வளவு உருக்கமாகக் காட்டும் இடம் ஒரு விளையாட்டுக்குள் இருப்பது நம்மில் பலருக்குப் புதிது.

அவர்கள் ஏன் அழிந்தார்கள்? கொள்ளைநோய் ஒன்று பரவியது. அதைத் தடுக்கும் மருந்தை ரெஸ்பாண்டர்கள் ஆராய்ந்தார்கள். நோயைப் பரப்பும் கொடிய விலங்குகளின் வருகையை முன்னறிவிக்கும் கருவி இன்னொரு குழுவிடம் இருந்தது. அவற்றை எதிர்க்கும் ஆயுதம் மூன்றாவது குழுவிடம் இருந்தது. தீர்வின் மூன்று துண்டுகளும் ஒரே நிலத்தில் இருந்தன. குழுக்கள் ஒன்றையொன்று நம்பவில்லை. தனித்தனியே போராடித் தனித்தனியே மடிந்தன. ஆட்டக்காரர் ஊர் ஊராக நடந்து, ஒலிநாடாக்களைக் கேட்டுக் கேட்டு இதைத் தாமே கண்டறிகிறார்.

ஒரே ஊரில் இரண்டு ஜமாஅத், இரண்டு பெருநாள் என்று பிரிந்து கிடக்கும் நம் ஊர்களின் நிலையை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. ஒற்றுமை குறித்து மிம்பரில் நூறு முறை கேட்டும் செவியில் ஏறாத ஒரு செய்தி, ஒரு பாழூரில் நடந்து திரியும் இளைஞனுக்குச் சட்டென விளங்கிவிடலாம். விளங்கியதைப் பேச வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

அழிவு எப்போது அறுவடையாகிறது?

இதுவரை கூறியது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் கூறாவிட்டால் நாம் நேர்மையாக நடந்தவர்கள் ஆகமாட்டோம்.

அந்த மேசையருகே எலும்புக்கூடு இருந்ததல்லவா? கடிதத்தைப் படித்து முடித்த அடுத்த நொடியில் ஆட்டக்காரர் செய்வது என்ன? மேசையின் இழுப்பறையைத் திறந்து பொருள்களை அள்ளிக்கொள்வது. பசை டப்பா, திருகாணி, அலுமினியப் பாத்திரம் என எல்லாமே உதிரிகளாகப் பிரிக்கப்பட்டு ஆயுதமாகவும் சுவராகவும் மாறும். நூறாவது வீட்டில் கடிதத்தைப் படிக்கப் பொறுமை இராது. இழுப்பறை மட்டுமே கண்ணில் படும். முதல் நாளில் மனத்தை உலுக்கிய அழிவு, மூன்றாம் மாதத்தில் சரக்கறையாகிவிடுகிறது. பசியும் தாகமும் உள்ள உலகில் பொருள் தேடுவது குற்றம் என்று நாம் கூறவில்லை. பார்க்கும் கண் எப்போது மூடிக்கொண்டது என்பதை ஆடுபவர் அறியமாட்டார் என்றே கூறுகிறோம்.

இதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. அணுகுண்டால் அழிந்த இவ்வுலகில் ஆட்டக்காரர் அடையக்கூடிய பெரும் சாதனைகளுள் ஒன்று, தாமே ஓர் அணு ஏவுகணையை ஏவுவது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என மூன்று ஏவுதளங்கள் உள்ளன. குறியீட்டைக் கண்டறிந்து உள்ளே சென்று வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் போதும். வானம் சிவக்க, அவ்விடத்தில் குண்டு விழும். விழுந்த இடத்துச் செடிகள் கதிர்வீச்சால் மாறி, வேறெங்கும் கிடைக்காத அரிய மூலப்பொருளாகின்றன. அங்கே எழும் பெரும் விலங்கைக் கொல்ல ஆட்டக்காரர்கள் திருவிழாவுக்குப் போவதுபோலத் திரள்கிறார்கள். 25 ஆண்டுகளுக்கு முன் விழுந்த குண்டுக்காக நம்மைக் கண்கலங்க வைத்த அதே விளையாட்டு, இன்று விழும் குண்டுக்குப் பரிசளிக்கிறது.

இதை உருவாக்கியவர்கள் இம்முரணை உணர்ந்தே வைத்தார்கள் என்று சிலர் வாதிடுகின்றனர். மனிதன் பாடம் கற்பதில்லை என்பதைக் காட்டும் கேலியே இது என்பது அவர்களின் விளக்கம். இருக்கலாம். ஆனால் கேலி என்று உணர்ந்து ஏவுபவர் ஒருவர் என்றால், பரிசுக்காக ஏவுபவர் பலர். கேலியைப் பரிசு விழுங்கிவிடுகிறது.

இங்கேதான் நம் மார்க்கம் கற்றுத்தந்த ஓர் ஒழுக்கம் நினைவுக்கு வருகிறது. தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் அழிக்கப்பட்ட ஸமூது சமூகத்தாரின் வாழிடமான அல்ஹிஜ்ர் வழியாகச் சென்றார்கள். அழுதவர்களாகவே அன்றி அவ்விடத்தில் நுழைய வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்ததையும், தம் தலையை மறைத்துக்கொண்டு விரைந்து கடந்ததையும், அங்குள்ள கிணறுகளிலிருந்து எடுத்த நீரைக் கொட்டிவிடச் சொன்னதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. அழிந்த இடத்தைப் பார்ப்பதற்கும் ஓர் அதபு உண்டு என்பதே இதன் சாரம். இடிபாடு படிப்பினைக்குரியது. வேடிக்கைக்கும் சரக்குக்கும் உரியதன்று.

திரையில் தெரிவது வெறும் ஓவியம்தானே, அதற்கு ஏன் இந்த அதபு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஓவியத்தின் மீது எந்தக் கடமையும் இல்லை. கடமை நம் உள்ளத்தின் மீது. காஸாவின் இடிபாடுகள் அதே கைப்பேசியில், அதே விரல் அசைவில் நம் முன் வந்து போகின்றன. அங்கே சுவருக்கடியில் கிடப்பவர்கள் ஓவியங்கள் அல்லர். இடிந்த வீட்டைக் கண்டதும் 'உள்ளே எடுப்பதற்கு என்ன இருக்கும்' என்று ஆயிரம் முறை பழகிய கண், இந்த இடிபாட்டின் முன் ஒரு கணம் நிற்குமா? கட்டாயம் கல்லாகிவிடும் என்று நாம் அச்சுறுத்தவில்லை. உள்ளம் எதில் பழகுகிறதோ அதன் நிறத்தை ஏற்கும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

மார்க்கத் தீர்ப்பு வழங்குவது ஆலிம்களின் பணி. நாம் பெற்றோர் என்ற நிலையில் நின்று சில நடைமுறைகளை மட்டும் கூறுகிறோம்.

முதலாவது, வயது. இவ்விளையாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கும் ஐரோப்பியத் தரவரிசையில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கும் உரியது. கொடூரக் காட்சிகளும் மதுவும் தகாத சொற்களும் இதில் உண்டு. அந்துப்பூச்சி வடிவ விந்தை உயிர் ஒன்றை வழிபடும் கூட்டமும் கதையில் வருகிறது. பத்து வயதுப் பிள்ளையின் கையில் இதைக் கொடுத்துவிட்டுப் பண்பாடு கெட்டுவிட்டது என்று புலம்புவதில் பொருளில்லை.

இரண்டாவது, தொழுகை. தனியாக ஆடும் விளையாட்டை நடுவில் நிறுத்திவைக்கலாம். இணைய உலகில் நிறுத்தும் பொத்தான் இல்லை. நாம் எழுந்து சென்றாலும் அவ்வுலகம் நகர்ந்துகொண்டே இருக்கும். பாங்கு ஒலிக்கும் நேரத்தில் கூட்டுப் போர் நடந்துகொண்டிருந்தால், 'இதோ ஐந்து நிமிடம்' என்று பிள்ளை சொல்வது பொய்யன்று. அந்த ஐந்து நிமிடம் அவன் கையில் இல்லை என்பதே சிக்கல். ஆகவே வக்துக்கு அரைமணி முன்பு கூட்டுப் போர்களில் சேர்வதில்லை என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்வது நல்லது. கத்திக் கூப்பிடுவதைவிட இது பயன்தரும்.

மூன்றாவது, பணம். விளையாட்டை வாங்கியதோடு செலவு முடிவதில்லை. அலங்காரப் பொருள்களுக்கென 'அட்டாமிக் ஷாப்' என்னும் கடையும், 2019 முதல் மாதச் சந்தாத் திட்டமும் உள்ளன. வீட்டுப் பண அட்டையின் எண் அங்கே பதிந்து கிடக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்க.

நான்காவது, பேச்சு. மற்றவற்றை விட இதுவே முக்கியம் என்று கருதுகிறோம். 'எத்தனை மணி நேரம் ஆடினாய்?' என்ற கேள்விக்குப் பதில் எப்போதும் குறைத்தே கூறப்படும். 'இன்று எந்த ஊருக்குப் போனாய்? அங்கே யார் வாழ்ந்தார்கள்? அவர்களுக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்டுப் பாருங்கள். கடிதங்களைப் படிக்கும் பிள்ளை கதை சொல்வான். இழுப்பறைகளை மட்டும் திறப்பவன் திகைப்பான். அந்தத் திகைப்பே அவனை மறுமுறை நின்று பார்க்க வைக்கலாம். எதுவுமே சொல்வதற்கு இல்லை என்ற நிலை தொடர்ந்தால், விளையாட்டைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது என்று அவனுக்கும் புரியும்.

இவ்வுலகின் ஆட்டக்காரர்களிடம் ஒரு நற்பண்பு பரவலாகப் பேசப்படுகிறது. முன்பின் அறியாத புதியவர் நிலவறையிலிருந்து வெளியே வந்ததும், அனுபவமுள்ளவர்கள் உணவும் மருந்தும் உடையும் கொடுத்து, பெயர்கூடச் சொல்லாமல் போய்விடுகிறார்கள். பிறரைத் தாக்கவியலாத அமைதி முறையைத் தேர்ந்துகொண்டு, எங்கோ மலையடிவாரத்தில் குடில் கட்டி, சோளம் பயிரிட்டு, வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் வைப்பவர்களும் இருக்கிறார்கள். விளையாட்டின் விதிகள் இவற்றைக் கட்டாயமாக்கவில்லை. அழிவின் நடுவிலும் கொடுப்பதில் மனிதனுக்கு ஓர் இன்பம் இருப்பதால் செய்கிறார்கள்.

கியாமத் நெருங்கிவிட்ட வேளையிலும் ஒருவரின் கையில் செடியின் கன்று இருக்குமானால், முடிந்தவரை அதை நட்டுவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். மனிதன் மூட்டிய தீயில் ஊர்கள் எரிவது வேறு, இறைவன் நிர்ணயித்த இறுதிநாள் வேறு. இறுதிநாளுக்குப் பின் அள்ளிச் செல்ல இழுப்பறைகள் எவையும் இரா. ஆனால் இரண்டின் முன்னும் முஃமினின் கைக்கு இடப்பட்ட வேலை ஒன்றே, நடுவது. பாழ்நிலத்தில் உலவும் நம் பிள்ளையிடம் கன்று நடும் கையும் ஏவுகணைப் பொத்தானைத் தொடும் கையும் ஒன்றாகவே இருக்கின்றன. எந்தக் கையைப் பாராட்டி வளர்க்கிறோம் என்பது அந்த நிறுவனத்தின் முடிவன்று, நம் வீட்டின் முடிவு.

இன்றிரவு பிள்ளையின் அறைக் கதவைத் தட்டி, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, அரைமணி நேரம் அந்த நிலத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு தடுப்பதோ அனுமதிப்பதோ, பார்த்தவரின் முடிவாக இருக்கும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பார்க்கும் கண்ணையும் படிப்பினை பெறும் உள்ளத்தையும் வழங்குவானாக.